நீர்த்தாவரங்களுக்கு உரமிடுதல்: ஒரு தொட்டி கற்பித்த பாடம்

(மூன்றாம் ஆண்டு இளமறிவியல், தாவரவியல்)

முன்னுரை

சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத மலர் என்று தாமரையைப் பேச்சுப் போட்டிகளில் நாம் எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறோம். அந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எவரேனும் கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. கேட்காமல் போனதன் விளைவை என் கையாலேயே அனுபவித்த பிறகுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நெல்லுக்கும் கரும்புக்கும் உரமிடுவதைப் பற்றிப் பேசாத உழவர் இல்லை. நீரிலேயே வாழும் செடிக்கு உரம் வேண்டுமா, வேண்டுமெனில் எங்கே இடுவது, எவ்வளவு இடுவது என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

ஆயாவின் தொட்டி

கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. தோட்டத்தில் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியைப் பூசித் தொட்டியாக்கியிருக்கிறோம். விட்டம் 4 அடி, உயரம் இரண்டரை அடி. ஏழாண்டுகளுக்கு முன் என் ஆயா, போளூர்ப் பக்கம் உள்ள தம் பிறந்த ஊர் ஏரியிலிருந்து தாமரைக் கிழங்கைக் கொண்டுவந்து அதில் நட்டார். அப்போதே அந்த ஏரியில் வெங்காயத்தாமரை படரத் தொடங்கியிருந்ததாம். பிறகொரு முறை ஊர்த் திருவிழாவுக்குச் சென்று திரும்பியவர், "ஏரியில ஒரு பூ கூட இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நெடுநேரம் தொட்டி அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று முதல் அந்த ஏரியின் தாமரை என்று சொல்லிக்கொள்ள எங்கள் தோட்டத்துத் தொட்டி ஒன்றுதான் மிச்சம்.

ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தன்று உண்ணாமுலையம்மனுக்கு அதிலிருந்து ஒரு பூவாவது கொண்டுபோவது ஆயாவின் வழக்கம். சென்ற ஆண்டு சித்திரையில் இலைகள் சிறுத்து மஞ்சளாயின. அதற்கு முந்தைய ஆண்டே பூ குறைந்திருந்தது. "செடிக்குப் பசி போல இருக்குது" என்றார் ஆயா. தாவரவியல் படிக்கும் நான் வீட்டில் இருக்கும்போது செடிக்குப் பசியா? வயலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த யூரியாவில் இரண்டு கை அள்ளித் தொட்டி நீரில் வீசினேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் நீர் பச்சை நிறமாயிற்று. கொசுப் புழுக்களுக்காக விட்டிருந்த கப்பி மீன்கள் எட்டாம் நாள் விடியலில் வயிறு மேலாக மிதந்தன. பதறிப்போய் நீரை இறைத்தேன். மஞ்சள் இலைகளையெல்லாம் நீருக்கடியில் கைவிட்டு ஒடித்தெறிந்தேன். அதுவும் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆயா என்னைத் திட்டவில்லை. செத்த மீன்களை ஒரு முறத்தில் பொறுக்கியபடியே, "செடிக்குப் பசின்னுதானே சொன்னேன். வாயில ஊட்டாம தலைமேல கொட்டிட்டியேம்மா" என்றார்.

அந்த ஆடியில் அம்மனுக்கு ஆயா கடையில் பூ வாங்கிப் போனார். நான் பல நாள் நூலகத்தில் தேடியும், எங்கள் பேராசிரியர் அவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்ட எல்லாவற்றையும் சுருக்கினால் ஆயாவின் அந்த ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.

முதலில் கணக்கு

நடந்ததைச் சொன்னதும் பேராசிரியர் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர்?" என்பதே. எனக்குத் தெரியவில்லை. நண்பர்களே, சிறு குளமோ தொட்டியோ வைத்திருப்பவர்கள் உரத்தைத் தொடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

விட்டம் 4 அடி என்றால் பரப்பு சுமார் பன்னிரண்டரை சதுர அடி. நீரின் ஆழம் ஒன்றரை அடி எனில் கொள்ளளவு ஏறக்குறைய 19 கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆக, தொட்டியில் இருந்தது சுமார் 530 லிட்டர். நான் வீசிய இரண்டு கை யூரியா சுமார் 100 கிராம் இருக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 46 கிராமை 530 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 87 மில்லிகிராம்.

இது அதிகமா, குறைவா? குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது நம் நாட்டின் தர அளவு. அதில் நைட்ரஜனின் பங்கு மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். அந்த எல்லையைப் போல எட்டு மடங்குக்கும் மேலாக நான் இரண்டே கைகளில் கொட்டியிருக்கிறேன்! வயலில் தூவும்போது ஒன்றுமில்லாததாகத் தோன்றும் ஒரு கை உரம், சிறு தொட்டியில் பெருஞ்சுமையாகிவிடுகிறது.

மீன்கள் ஏன் இறந்தன?

யூரியா நீரில் கரைந்து, நுண்ணுயிர்களின் நொதியால் சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அது மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. மற்றது மின்னேற்றமில்லாத அம்மோனியா. அது மீனின் செவுள் வழியே உட்புகும் நஞ்சு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவே மீன்களை வருத்தப் போதும்.

எந்த வடிவம் மிகும் என்பதை நீரின் அமில, கார நிலை தீர்மானிக்கிறது. பி.எச். எண் 7 ஆக இருக்கையில், நம் ஊர்க் கோடையின் 30 பாகை வெப்பத்தில், நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பி.எச். 9 ஆகும்போது நூற்றில் நாற்பது பங்குக்கு மேல் அதுவாகிவிடும். இங்கேதான் பச்சை நீரின் சூழ்ச்சி தொடங்குகிறது. பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. அதனால் நீரின் பி.எச். ஏறுகிறது, நஞ்சும் ஏறுகிறது. இரவில் அதே பாசிகள் சுவாசிக்கையில் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். பகலில் நஞ்சு, இரவில் மூச்சுத்திணறல் என்றால் சிறு மீன் என்ன செய்யும்?

பற்றாக்குறை விதி

தாவரங்களுக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்று படித்திருக்கிறோம். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைப்பவை. மற்ற 14 தனிமங்களும் மண்ணிலோ நீரிலோ கரைந்து வரவேண்டியவை. இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். இதை ஜெர்மானியரான கார்ல் ஸ்பிரெங்கல் 1828ஆம் ஆண்டிலேயே கூறினார். யுஸ்டஸ் லீபிக் 1840க்குப் பின் உலகறியச் செய்தார். எளிதாகச் சொன்னால், வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் பருப்பு ஆழாக்குதான் இருக்கிறதென்றால், பொங்கலின் அளவை அந்த ஆழாக்குப் பருப்புதான் தீர்மானிக்கும்.

இவ்விதியை ஓர் ஏரியிலேயே காட்டிய சோதனை ஒன்று உண்டு. கனடா நாட்டின் ஆன்டேரியோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226ஆம் எண் ஏரி, எட்டு என்னும் எண்ணைப் போல இடையில் குறுகியது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்பவரும் அவர் குழுவினரும் அந்தக் குறுகிய இடத்தில் ஒரு திரையிட்டு ஏரியை இரண்டாகப் பிரித்தனர். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தாகிய பாஸ்பரசையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் இட்ட பக்கம் பாசி மண்டிப் பச்சையாயிற்று. மறுபக்கம் தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது.

"அப்படியானால் யூரியாவில் பாஸ்பரஸ் இல்லையே, உன் தொட்டி ஏன் பச்சையாயிற்று?" என்று நீங்கள் கேட்கலாம். ஏழாண்டுகளாக இலைகள் உதிர்ந்து மட்கிய தொட்டி அது. மணிச்சத்து அதில் முன்பே சேர்ந்துகிடந்தது. குறைவாக இருந்தது தழைச்சத்தே. அந்தக் குறையை நான் ஒரே நாளில் தீர்த்துவைத்தேன், செடிக்கு அல்ல, பாசிக்கு! செடி ஓர் இலை விடுவதற்குள் பாசி பல தலைமுறை பெருகிவிடும். பொது வெளியில் வைத்த உணவு ஓடுகிறவனுக்கே கிடைக்கும் என்பதுதான் இதன் சாரம்.

மூவகைச் செடிகள், மூவகை வாய்கள்

நீர்த்தாவரங்கள் எல்லாம் ஒரே வழியில் உண்பதில்லை. உரமிடும் முறை இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

முதல் வகை, சேற்றில் வேரூன்றி இலையையும் மலரையும் நீருக்கு மேலே விரிப்பவை. தாமரையும் அல்லியும் இவ்வகை. இவற்றின் இலைத்துளைகள் மேற்புறத்தில் உள்ளன. ஆகவே கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே பெறுகின்றன. மற்றச் சத்துகளைப் பெரும்பாலும் சேற்றிலிருந்து வேர்வழி பெறுகின்றன. இவற்றின் வாய் சேற்றில் இருக்கிறது.

இரண்டாம் வகை, மிதப்பவை. அசோலாவும், ஆகாயத்தாமரை என்று பலர் தவறாக அழைக்கும் வெங்காயத்தாமரையும் இவ்வகை. இவற்றின் வேர்கள் நீரில் தொங்குகின்றன. இவற்றுக்கு உணவு நீரிலேயே கரைந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, முழுதும் மூழ்கியவை. நம் ஆய்வகத்தில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் பயன்படும் ஹைட்ரில்லா இதற்கு எடுத்துக்காட்டு. இவை வேராலும் இலையாலும் சத்துகளைப் பெறும். ஆனால் வாயுக்கள் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. எனவே இவற்றுக்குக் கரியமில வாயுவே பற்றாக்குறை ஆவதுண்டு. ஹைட்ரில்லா நீரிலுள்ள பைகார்பனேட்டையும் பயன்படுத்திச் சமாளிக்கிறது. நீர் கலங்கிப் பச்சையானால் முதலில் வாடுவது இவ்வகைதான், ஏனெனில் ஒளி கீழே இறங்காது.

இவ்விடத்தில் ஒரு செய்தி. தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தாமரை தனிக் குடும்பம் என்பதை மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்திவிட்டது. அதன் நெருங்கிய உறவினர் அல்லி அல்ல. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரம் தாமரைக்கு அல்லியைக் காட்டிலும் நெருங்கிய சொந்தம் என்றால் நம்ப முடிகிறதா? ஒரே நீரில் வாழ்ந்ததால் தோற்றத்தில் ஒத்துப்போயின, அவ்வளவே.

சேற்றுக்குள் நடப்பது

நீர் தேங்கிய மண்ணில் மேலே சில மில்லிமீட்டர் வரைதான் பிராணவாயு இருக்கும். அதற்குக் கீழே காற்றில்லாத உலகம். அங்கே நைட்ரேட் வடிவ உரத்தை இட்டால் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் குமிழியாக வெளியேற்றிவிடும். அம்மோனியம் வடிவ உரம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு தங்கும். நெல்வயலில் யூரியாவை மேலே தூவுவதைவிட, மண் உருண்டைக்குள் வைத்து ஆழத்தில் புதைப்பது சிறந்தது என்று வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கண்டது இதனால்தான். நீர் தேங்கிய நெல்வயலும் ஒரு பெரிய தாமரைத் தொட்டிதானே!

காற்றில்லாச் சேற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. வறண்ட மண்ணில் கரையாமல் கிடக்கும் இரும்பு அங்கே கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்தும் விடுபடுகிறது. ஆகவே நல்ல களிமண்ணில் நட்ட தாமரைக்கு இரும்புக் குறை அரிதாகவே வரும்.

காற்றில்லாத இடத்தில் கிழங்கு எப்படி மூச்சுவிடுகிறது? தாமரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே நீண்ட துளைகள் தெரியும். இலையிலிருந்து கிழங்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்கள் அவை. அந்தக் குழாய்களைத்தான் நான் நீருக்கடியில் ஒடித்தேன். நீர் உள்ளே புகுந்து கிழங்குகள் அழுகின. வாடிய இலையை அகற்ற வேண்டுமானால் நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்ட வேண்டும்.

நான் கையாண்ட முறை

இந்த ஆண்டு தை மாதத்தில் தொட்டியைக் கலைத்தோம். ஏழாண்டுச் சேற்றைக் கையால் அளைந்து தேடினோம். அழுகியவற்றையெல்லாம் எடுத்தெறிந்த பிறகு உயிருள்ளதாகக் கிடைத்தது மூன்று கணு கொண்ட ஒரே துண்டு. நுனி மொட்டு ஒன்றுதான் இருந்தது. அந்த நுனி ஒடிந்தால் கதை முடிந்தது. ஆயா அதைக் கைக்குழந்தையைப் போல ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அடியில் நன்கு மட்கிய சாணத்தை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினோம். பச்சைச் சாணம் கூடாது, அது நீரில் புளித்துப் பிராணவாயுவைத் தின்றுவிடும். அதன்மேல் ஏரிக் களிமண்ணை ஆறு அங்குலத்துக்குக் குழைத்துப் போட்டோம். அதன்மேல் கிழங்கைப் படுக்க வைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு, மேலே மெல்லிய மணல் தூவினோம். மணல் சேற்றைக் கலங்கவிடாமல் மூடிவைக்கும். நீரை முதலில் நான்கு அங்குலமே விட்டு, இலை உயர உயர ஏற்றினோம். நீரின் ஆழத்துக்கேற்ப மலர்த்தண்டு நீளும் என்பதைத் திருக்குறள் உவமையாக்கியிருப்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இளஞ்செடிக்கு ஆழ்ந்த நீர் என்றால் அதன் சேமிப்பெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவாகிவிடும்.

நட்டவுடன் உரமிடவில்லை. முதல் இலைகள் கிழங்கின் சேமிப்பிலிருந்து வருபவை. அப்போது உரமிட்டால் இளவேர் கருகும். நீருக்கு மேலே மூன்று இலைகள் நிமிர்ந்து நின்ற பிறகே தொடங்கினோம். 17:17:17 கலப்பு உரத்தில் 5 கிராமை எலுமிச்சம்பழ அளவுக் களிமண்ணுக்குள் பொதிந்து உருட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தினேன். இப்படி நான்கு உருண்டைகள். கிழங்கின் நுனியிலிருந்து ஒரு சாண் விலக்கி, சேற்றுக்குள் நான்கு அங்குல ஆழத்தில் விரலால் அழுத்திப் புதைத்து, துளையை மூடினேன். மாதம் ஒருமுறை, அவ்வளவுதான். அதாவது, அன்று நீரில் வீசியதில் ஐந்தில் ஒரு பங்கு எடையே. ஆனால் இம்முறை அது வாயில் போய்ச் சேர்ந்தது. நீர் தெளிந்தே இருந்தது. புதிதாக விட்ட கப்பி மீன்கள் குட்டி போட்டன.

ஐப்பசிக்குப் பின் உரத்தை நிறுத்திவிட வேண்டும். அப்போது செடி ஓய்வுக்குப் போகும். உண்ணாதவனுக்குப் பரிமாறிய இலை ஈக்களுக்குத்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கிழங்கைப் பிரித்து நடுவதும் அவசியம்.

செடி பேசும் மொழி

குறையை இலையே சொல்லும். தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும், ஏனெனில் செடி அச்சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்புகிறது. இரும்பு அப்படி இடம்பெயராது. ஆகவே இரும்புக் குறை இளம் இலையில் தோன்றும், நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளுக்கும். இலைகள் பெரிதாகக் கரும்பச்சையாகச் செழித்தும் பூ வரவில்லையென்றால் தழைச்சத்து மிகுதி, அல்லது வெயில் போதாது என்று பொருள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் எந்த உரமும் தாமரையைப் பூக்க வைக்காது.

நீரிலேயே ஊட்டவேண்டிய செடி

மிதக்கும் செடிக்கு நீரில்தான் உரமிட வேண்டும் என்றேன். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று, கறவை மாடுகளுக்குத் தீவனமாகும் அசோலாப் படுகை. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம் எளிய முறை ஒன்றைப் பரப்பியது. இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள குழியில் சில்பாலின் விரிப்பிட்டு, சலித்த வளமான மண் 10 முதல் 15 கிலோ பரப்ப வேண்டும். 2 கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் 10 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, 10 செ.மீ. அளவுக்கு நீர் நிரப்பி, அரை முதல் ஒரு கிலோ அசோலா விதையை இட வேண்டும். 10 முதல் 15 நாளில் படுகை நிறைந்துவிடும். பிறகு நாளும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் எடுக்கலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சுமார் ஒரு கிலோ சாணமும் இட்டு வர வேண்டும்.

இதில் யூரியா ஏன் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அசோலாவின் இலையறைக்குள் அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தித் தருகிறது. தழைச்சத்தைச் சொந்தமாகச் சம்பாதிக்கும் செடிக்குக் குறைவது மணிச்சத்தே. பாஸ்பரஸ் போதாவிட்டால் அசோலா செந்நிறமாகிறது. கடும் வெயிலிலும் சிவக்கும். ஆகவே நம் ஊர்க் கோடையில் நிழல்வலை அவசியம். பற்றாக்குறை விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

பாலுக்கு இரண்டு மாடு வைத்திருக்கும் எங்கள் வீட்டிலும் இந்தப் படுகையை அமைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அசோலாவின் உலர் எடையில் கால் பங்குக்குக் குறையாமல் புரதம் உண்டு. ஆனால் பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. அரைக் கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் சுமார் 30 கிராம்தான் தேறும். எனவே அது பிண்ணாக்குக்குத் துணையாகுமே தவிர, ஒரு படுகையை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்திவிடலாகாது.

ஏரிக்கு உரமிடுவது யார்?

மீன் வளர்ப்போர் குளத்தில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் யூரியாவும் அளவறிந்து இட்டு நீரை வேண்டுமென்றே பசுமையாக்குகிறார்கள். மிதவை உயிரிகள் பெருகி மீனுக்கு இரையாக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆகவே பச்சை நீர் எப்போதும் தீமை என்பதல்ல. யாருக்காக, எவ்வளவு என்பதே கேள்வி.

ஆனால் நம் ஏரிகளுக்கு எவரும் கணக்குப் பார்க்காமலேயே நாள்தோறும் உரமிட்டு வருகிறோம். வீட்டுச் சாக்கடை, சோப்புநீர், வயலிலிருந்து வழிந்தோடும் உரம், மீந்த சோறு எல்லாமே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். தென்னமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட வெங்காயத்தாமரை அந்த விருந்தை உண்டு ஏரியை மூடுகிறது. அதனடியில் ஒளியும் பிராணவாயுவும் அற்றுப் பிற செடிகள் மடிகின்றன. ஆயாவின் ஊர் ஏரி எப்படி மூடிப்போயிற்று என்பது எனக்கு என் தொட்டியைக் கண்ட பிறகே புரிந்தது. நான் எட்டு நாளில் செய்ததை ஓர் ஊர் பல ஆண்டுகளில் செய்திருக்கிறது. தொட்டி நீரை ஓர் அரை நாளில் இறைத்துவிட முடிந்தது. ஏரியை எங்கே இறைப்பது?

முடிவுரை

இந்த ஆண்டு ஆனிக் கடைசியில் முதல் மொட்டு எழுந்தது. ஆடிப்பூரத்துக்கு முன்பே மலர்ந்து உதிர்ந்துவிட்டது. எனக்கு முகம் வாடிப்போயிற்று. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து இரண்டாவது மொட்டு நீருக்கு மேலே தலை நீட்டியது. ஆடிப்பூரத்தன்று காலையில் அதை நீர்மட்டத்துக்கு மேலே, நான் சொன்ன இடத்தில், ஆயா தம் கையால் அறுத்தார். கோயிலுக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

வரும் தையில் கிழங்கைப் பிரிக்கும்போது ஒரு துண்டை நம் கல்லூரித் தாவரவியல் தோட்டத்துத் தொட்டிக்குக் கொடுப்பதாக ஆயா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் அந்த ஏரியின் தாமரை வாழட்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: "தலைமேல எதையும் கொட்டக் கூடாதுன்னு உங்க காலேஜ் பசங்ககிட்ட சொல்லி வை." சொல்லிவிட்டேன்.